ஆறு மாதத் தவணையில் புரோட்டீன் டப்பா வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24, எடை 68 கிலோ. மன்னார்குடியில் செல்போன் கடையில் வேலை. கையில் வருவது 19,500 ரூபாய். ஒன்றரை வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். மாதம் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) 1 கிலோ 2,900, மாஸ் கெய்னர் (எடை கூட்டும் பவுடர்) 3 கிலோ 2,400, பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பவுடர் 1,300, ஜிம் கட்டணம் 800, பயிற்சி முடிந்ததும் வெளியே குடிக்கும் ஷேக் 720 ஆகிறது. கிரெடிட் கார்டில் 14,600 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். இப்போது 16,000 ரூபாய்க்கு இந்தப் பவுடர்கள் சேர்ந்த ஒரு காம்போ, வட்டியில்லா 6 மாதத் தவணை என்கிறார்கள். எடுக்கலாமா? அப்பாவுக்கு மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலம். அம்மாவின் நகை குறுவைச் செலவுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் அடமானத்தில் இருக்கிறது. வீட்டில் இதைப் பற்றித் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. ஜிம்மை விடச் சொல்லமாட்டேன். 24 வயதில் ஒன்றரை வருடம் விடாமல் ஒரு வேலையைச் செய்திருக்கிறீர்கள், அந்தப் பழக்கம் வீணாகக் கூடாது. அதற்குச் செலவாகும் விதத்தை மட்டும் மாற்றுவோம்.

முதலில் காம்போ. பவுடருக்கு மட்டும் மாதம் 6,600 ரூபாய் செலவழிக்கிறீர்கள். அந்த வேகத்தில் 16,000 ரூபாய்ச் சரக்கு இரண்டரை மாதம்கூட வராது. தவணையோ ஆறு மாதம் ஓடும். மூன்றாவது மாதம் டப்பா காலி, மேலே அடுத்த டப்பா வாங்கவேண்டும், பழைய டப்பாவுக்கு மாதம் 2,667 ரூபாயும் கட்டவேண்டும். தின்று தீர்கிற பொருளைத் தவணையில் வாங்கவே கூடாது. ஃபிரிட்ஜுக்குத் தவணை கட்டினால் ஆறு மாதம் கழித்தும் ஃபிரிட்ஜ் வீட்டில் நிற்கும். அதோடு, வட்டியில்லாத் தவணை என்பார்களே, அதிலும் பல சமயம் பிராசசிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் பில்லில் வந்து சேரும்.

இதைவிட அவசரமானது அந்த 14,600 ரூபாய். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 511 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 92 ரூபாய், ஆக 603. ஒரு நாளைக்கு 20 ரூபாய். முட்டை ஆறரை ரூபாய் விற்கும்போது, தினமும் மூன்று முட்டையை வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று முட்டையில் 18 கிராம் புரதம் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று: பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி. அதனால் இன்றைக்கே கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பாக்கி தீர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் டப்பாக்கள். புரதத்தின் விலையை டப்பா விலையில் பார்க்காமல் ஒரு கிராம் என்ன விலை என்று பாருங்கள். உங்கள் வே 1 கிலோவில், ஒரு கரண்டிக்கு 24 கிராம் புரதம் வீதம் 33 கரண்டி வரும். 800 கிராம் புரதம், கிராம் மூன்றரை ரூபாய். முட்டையில் கிராம் ஒரு ரூபாய் சொச்சம். பால் ஒன்றேகால், ஒன்றரை ரூபாய். பொட்டுக்கடலை, உளுந்து, பாசிப்பயறு கிராம் 60 பைசா பக்கம். மீல் மேக்கர் 30 பைசா, அதில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடும் துவரம் பருப்பில் கிராம் 15 பைசாகூட ஆகாது. கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வரிசை பெரும்பாலும் மாறாது.

மாஸ் கெய்னர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பல டப்பாக்களில் 100 கிராமில் புரதம் 15 முதல் 20 கிராம்தான், 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருக்கும். மக்காச்சோளம், மரவள்ளி, அரிசி இவற்றின் மாவிலிருந்து எடுப்பது அது. மூன்று மா நெல் விளையும் வீட்டில் மாதம் 2,400 ரூபாய்க்கு மாவுச்சத்தை டப்பாவில் வாங்குவதை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை. எடை ஏறவேண்டும் என்றால் சோறு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள். பிசிஏஏவையும் நிறுத்துங்கள். அதிலிருக்கும் அமினோ அமிலங்கள் முட்டையிலும் பாலிலும் உங்கள் வே பவுடரிலுமே இருக்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள்.

எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்கு 109 கிராம். (சிறுநீரகத் தொல்லை, சர்க்கரை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம்.) இதில் பாதி ஏற்கெனவே வீட்டுச் சாப்பாட்டில் வருகிறது. காலை ஐந்து இட்லி, இரண்டு வேளைச் சோறு, சாம்பார், மோர், டீ எல்லாம் சேர்ந்தால் 50 கிராமை நெருங்கும். மீதி 60 கிராமுக்குத்தான் வழி தேடவேண்டும். நான்கு முட்டை 24, பாசிப்பயறு ஒரு பிடி, அதாவது ஊறவைக்கும் முன் 50 கிராம், சுண்டலாக 11, கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் 50 கிராம் பொட்டுக்கடலை 10, இரவு கால் லிட்டர் பால் 8, குழம்பில் 25 கிராம் மீல் மேக்கர் 12. மொத்தம் 65 கிராம், நாளுக்கு 53 ரூபாய், மாதம் 1,600. முத்துப்பேட்டைப் பக்கமிருந்து மத்தி மலிவாக வரும் நாளில் முட்டையை விட்டு மீன் வாங்குங்கள். முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேகவைத்த முட்டையின் புரதம் பெரும்பகுதி உடம்பில் சேரும், பச்சையில் ஏறக்குறைய பாதி வீண்.

வெளியே குடிக்கும் 60 ரூபாய் ஷேக்கையும் வீட்டிலேயே செய்யலாம். இரவுப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பொட்டுக்கடலையை மிக்ஸியில் மாவாக்கி இரண்டு ஸ்பூன், ஒரு பூவன்பழம், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும். பொட்டுக்கடலையை முதலில் தனியாக அரைத்துவிட வேண்டும், பாலோடு சேர்த்துப் போட்டால் திப்பியாக நிற்கும்.

வே பவுடரை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளி, சனியில் வீட்டில் முட்டை, மீன் சேர்க்கமாட்டார்கள் என்றால் அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் எட்டுக் கரண்டி. அரை கிலோ பாக்கெட் 1,600 ரூபாய் என்றாலும் இரண்டு மாதம் வரும், மாதம் 800. ஒரு கிலோ வாங்கி நாலு மாதம் வைத்திருந்தால் நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் கட்டிதட்டிவிடும். வாங்கும்போது பில் கேளுங்கள், சீல் உடையாமல் இருக்கிறதா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இதுவரை 8,120 ரூபாய் போனது. இனி ஜிம் 800, சாப்பாடு 1,600, வே 800, மொத்தம் 3,200. மிச்சம் 4,900. அதை அப்படியே கார்டுக்குக் கட்டினால் மூன்று மாதம் முழுதாக, நான்காவது மாதம் ஆயிரத்துச் சொச்சம், பாக்கி முடிந்தது. இதற்காக அம்மாவிடம் மிச்சமிருக்கும் நகையைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

அதன் பிறகு அந்த 4,900 ரூபாயை வங்கியில் அவசரத் தேவைக்கு ஒதுக்குங்கள், மூன்று மாத வீட்டுச் செலவு சேரும்வரை. 2018 நவம்பரில் கஜா வந்துபோன பிறகு மன்னார்குடியில் பல வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் வீடு உங்கள் சம்பளத்தைத்தான் பார்க்கும். தனியாக 20 ரூபாய் மட்டும் இன்றைக்கே வங்கியில் கொடுங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கும். அவசரநிதி சேர்ந்ததும் தபால் அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆர்டி (தொடர் வைப்பு) போடலாம். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கழித்துச் சுமார் 1,42,700 ரூபாய் வரும்.

கடைசியாக அப்பாவிடம் ஒரு வார்த்தை. சம்பா அறுப்புக்கு முன் வயலில் பயறு தெளிக்கிறாரா? தெளித்தால், பங்குனி, சித்திரையில் பயறு களத்துக்கு வந்ததும் வியாபாரிக்கு மூட்டை போடுவதற்கு முன் 18 கிலோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தினம் 50 கிராம் வீதம் உங்களுக்கு ஒரு வருடத்துக்குக் காணும். நன்றாகக் காயவைத்து, டின்னில் வேப்பிலையோடு போட்டு மூடிவையுங்கள்.