கைரேகை வைக்க வேண்டியவர் யார்?

கேள்வி: கூவம் கரையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அப்பா இல்லை. இப்போது வீடுகளை அகற்றிவிட்டுப் பெரும்பாக்கத்தில் குடியிருப்பு தருகிறார்கள். கணக்கெடுக்க வந்தபோது அம்மா சேத்துப்பட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால் நானே கைரேகை வைத்தேன். வீடு மாற 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் தருவார்களாம். இது எப்படிப் போதும்? வீட்டுக்குப் பதிலாக மொத்தமாகப் பணம் வாங்க முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: போதாதுதான். ஆனால் யாருக்குப் போதாது என்பதை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்ததை ஒரு காரணமாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இந்த இடமாற்றத்தில் உங்கள் குடும்பம் இழக்கப்போவது அந்த வேலையைத்தான். காலையில் நடந்தே போய்ப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மதியம் வீடு திரும்பும் ஒரு பெண்ணை ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு அப்பால் குடியமர்த்திவிட்டு, அவருடைய சம்பளத்துக்கு ஈடாக ஓராண்டுக்கு மட்டும் 2,500 ரூபாய் கொடுப்பதை நியாயமான இழப்பீடு என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அனுமதித்ததால், அரசுகள் அந்தப் பாதியை மட்டும் பற்றிக்கொண்டன.

அம்மாவின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் அரசு செய்ததையே நீங்களும் செய்திருக்கிறீர்கள். அப்பா இல்லாத வீட்டை இத்தனை காலம் தாங்கியவர் இருக்க, அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொல்லி அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையா? இப்போது மொத்தப் பணம் கேட்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு ஈடாகப் பணம் தருவதில்லை. ஒதுக்கிய குடியிருப்பை வாடகைக்கு விடவும் விற்கவும் கூடாது. ஒருவேளை தந்தாலும், அந்தப் பணம் கரைந்தபின் அம்மா எங்கே படுப்பார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பெற்றவளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரையை உறுதி செய்யாமல் மகன் பேசும் நியாயம் எனக்கு நியாயமாகப் படுவதில்லை.

ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கு முன்பே, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றின் நகல்களோடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்று, நீங்கள் கைரேகை வைத்த ஒதுக்கீட்டை அவர் பெயருக்கு மாற்றித்தருமாறு மனுக் கொடுங்கள். அவர் வேலை செய்யும் வீடுகளில் ஒரு கடிதம் வாங்கி இணைத்து, வேலை பறிபோவதற்கும் ஈடு கேளுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அவர்கள் தட்டிக்கழித்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். பெரும்பாக்கம் போக அம்மாவுக்குச் சம்மதமா என்பதை மனு எழுதுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்.