முன்பணம் மட்டும் கொடுத்த கிளையன்ட் நான் வரைந்த லோகோவைப் பயன்படுத்துகிறார், கோரல் ஃபைலையும் (டிசைனைத் திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்கிறார். உரிமை யாருக்கு?

எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்றால் லோகோ உங்களுடையதுதான். ஆனால் அதே கிளையன்ட் காசு கொடுத்து உங்களிடம் போட்டோவும் எடுக்கச் சொல்லியிருந்தால், அந்த போட்டோ அவருடையது. நான் இதைத் தெரிந்துகொண்டது கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான்.

காரைக்குடியில் தனியாக டிசைன் வேலை பார்க்கிறேன், கூடவே போட்டோவும். பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி வீட்டிலேயே பலகாரம் போட்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறவர்கள். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் டப்பாக்களுக்கு லேபிள் வேண்டும் என்றார்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கிற பூவையும் ஒரு கொட்டானையும் (ஓலைக் கூடை) சேர்த்து வரைந்தேன், வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், வெயில் விழுகிற நேரம் பார்த்து பலகாரத்தை போட்டோவும் எடுத்தேன். எல்லாம் சேர்த்து 18,000 பேச்சு. 6,000 கையில் கொடுத்தார்கள், காபியும் கொடுத்தார்கள். பித்தளை டம்ளரில் காபி குடித்துக்கொண்டே யார் அக்ரிமென்ட் கேட்பது? நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து தேவகோட்டையில் ஒரு கடையில் தொங்கிய துணிப்பையில் என் கொட்டான். அதே பூ, மூலையில் நான் தெரியாமல் விட்ட கோணல் இதழ் உட்பட. கேட்டால், ஆச்சியின் உறவுக்காரர் கடையாம். "காசு குடுத்துட்டோம்ல தம்பி, அப்புறம் அது எங்களதுதானே" என்று போனில் சொன்னார்கள். மீதி 12,000 பற்றிப் பேச்சே இல்லை.

தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-ஆம் பிரிவுப்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பாகமாகச் செய்தது முதலாளிக்கு, அது தனி. அதே பிரிவில் இன்னொரு விலக்கும் இருக்கிறது: ஒருவர் கேட்டு, காசுக்கு எடுத்த போட்டோ, வரைந்த பெயின்டிங், உருவப்படம், எடுத்த சினிமாப் படம் போன்றவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே. லேபிள் டிசைன், வெப்சைட் புரோகிராம், விளம்பர வாசகம் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. (எதிர்த்தரப்பு வக்கீல் லோகோவும் பெயின்டிங்தான் என்று வாதாடிப் பார்க்கலாம், அதற்காகவே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.) டப்பாவுக்கு என்று வரைந்து கொடுத்தால் டப்பாவில் போட அனுமதி கொடுத்ததாக ஆகும், உறவுக்காரர் பைக்கும் சேர்த்து ஆகாது. அதே சமயம் ஆத்தங்குடிப் பூ ஒன்றும் என் சொத்து இல்லை. அதை நான் வரைந்த விதம்தான் எனது.

உரிமையை முழுசாக மாற்றிக் கொடுக்க 19-ஆம் பிரிவுப்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு தம்ஸ்-அப்பை நம்பி இருக்காதீர்கள். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூருக்குப் பார்சல் போடுகிற ஆச்சிக்கு இந்தக் கடைசி வரிதான் உறைத்தது.

நேரில் போய் இதைச் சொன்னபோது சண்டை வரும் என்று நினைத்தேன். அவர்கள் சிரித்துவிட்டு, "கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுறவுக நாங்க, இதை நீ மொதல்லயே கேட்டிருக்க வேண்டியதுதானே" என்றார்கள். எனக்குத்தான் அசிங்கமாகப் போயிற்று.

இப்போது கொட்டேஷனின் கீழே நாலு வரி போட்டு கையெழுத்து வாங்கிவிடுகிறேன்: எதற்குப் பயன்படுத்தலாம், எந்த நாடு, எத்தனை வருஷம், முழுத்தொகை வந்த பிறகே உரிமை மாறும். போட்டோவை என் போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ள அனுமதியும் அதிலேயே. கோரல் ஃபைலுக்குத் தனி ரேட். பிரிண்டருக்கு பிடிஎஃப் போதும், சிடிஆர் (அதே கோரல் ஃபைல்தான்) போனால் நாளைக்கே எவனாவது பூவை நீலமாக்கி வேறு பெயர் போட்டுவிடுவான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோரல் ஃபைலை இப்போது கொடுக்காதீர்கள். மீதியைக் கேட்டு ஒரு மெயில் அனுப்புங்கள், லோகோவைப் பயன்படுத்தும் உரிமை அந்தத் தொகையோடுதான் வரும் என்று மரியாதையாகவே எழுதுங்கள். வேலைக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருந்தால் இன்னும் வசதி. 2006-ஆம் வருஷத்து குறு, சிறு தொழில் சட்டப்படி பணம் கொடுக்கப் பேசி வைத்த கெடு கூட 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை.

ஆச்சி மீதி 12,000-ஐயும் பைக்கு என்று 4,000-ஐயும் கொடுத்தார்கள். கோணல் இதழைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன், அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.