கடைசல் பேனா – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுக் காபிக் கட்டையில் பேனா கடைந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நானும் மேஜைமேல் வைக்கிற சின்ன லேத் ஒன்று வாங்கினேன். அப்பா சூரமங்கலத்தில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். இப்போது கண் பார்வை குறைந்து வீட்டில் இருக்கிறார். "இரும்பு கடைஞ்ச வீட்ல பிளாஸ்டிக் கடையறியா?" என்கிறார்.

எனக்கு நிறங்கள்மீதுதான் ஆசை. மயில்நீலம், குங்குமச் சிவப்பு, வெள்ளைச் சுழி ஓடும் பச்சை என்று பத்து அக்ரிலிக் துண்டுகள் வாங்கினேன். துளை போடும்போதே ஆறு வெடித்துவிட்டன. மிச்சம் நாலில் உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் வெளியே தெரிந்து நிறமே செத்துப்போனது. எங்கே தவறு செய்கிறேன்? பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்கிறபோது இதைத் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

ஆறு துண்டுகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். சூடு.

சொப்புச் சாமானும் தொட்டில் கட்டையும் கடைகிறவர்கள் நிறம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சுழலும் மரத்தின்மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படிந்துவிடும், தனியாக நெருப்பு வேண்டாம். அங்கே கூடவே நின்று வேலை செய்கிற அந்தச் சூடுதான் உங்கள் துளைக்குள் எதிரியாகிவிடுகிறது. அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும், வாங்கிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. துளை போடும் பிட் வெட்டிய சுருள் வெளியே வர வழியில்லாமல் பிட்டின் பள்ளத்தில் அடைத்து, உருகி ஒட்டிக்கொள்ளும். பிட் இறுகியதும் துண்டு வெடிக்கும்.

கடைவதற்கு நிமிடத்துக்கு 2000 சுற்று வைக்கிறீர்கள் என்றால் துளை போட 500 போதும். ஐந்து மில்லிமீட்டர் உள்ளே போனதும் பிட்டை முழுக்க வெளியே இழுங்கள். லேத்தை நிறுத்திவிட்டு, சுருளைப் பிரஷால் தட்டி எடுத்து, பிட்டின் அருகில் கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஒரு துளைக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். அப்புறம், பல துண்டுகள் உடைவது கடைசி நொடியில், பிட் மறுபக்கம் முட்டி வெளியேறும்போதுதான். அதனால் தேவையைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாகத் துண்டை வெட்டிக்கொண்டு, துளையை மறுபக்கம் வரை கொண்டுபோகாமல் நிறுத்துங்கள். மிச்ச நுனியை ரம்பத்தால் அறுத்தால் துளை தானாகத் திறந்துகொள்ளும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானும் நல்ல நல்ல நிறங்களை இழந்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு அப்பாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். சுருள் அடைக்கிறபோது சத்தம் மாறும். முப்பது வருடம் லேத் ஓட்டியவருக்கு அது கண்ணைவிடக் காதில்தான் முதலில் தெரியும். "இழு" என்று அவர் சொன்னால் இழுத்துவிடுங்கள்.

பித்தளை தெரிவதற்கு வழி எளிது. உங்கள் துண்டுகள் ஒளியை உள்ளே விடுகிற வகை. குழாயை ஒட்டுவதற்கு முன் துளையின் உட்சுவரிலும் குழாயின் வெளிப்பக்கத்திலும் பெயிண்ட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மயில்நீலத்துக்கு அடியில் கறுப்பு அடித்தால் ஆழம் கூடும், வெள்ளை அடித்தால் பளிச்சென்று வரும். எனக்குக் கறுப்புதான் பிடிக்கும். நீங்கள் ஆசைப்படுகிற நிறத்தில் பாதி, யார் கண்ணுக்கும் படாத அந்த உட்சுவரில்தான் இருக்கிறது.

கடையும்போது சுருள் நூல் நூலாக நீளமாக வரவேண்டும். தூளாக உதிர்ந்தாலோ சில்லுச் சில்லாகத் தெறித்தாலோ முதலில் உளியைச் சாணை பிடியுங்கள். மெருகுக்கு, நீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் 1500இல் தொடங்கி 12000 வரை ஒன்பது தரங்களில் வருகிறது, ஒன்றையும் தாண்டிப் போகாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்குப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கு ஓடுகிற வேகத்தில் அக்ரிலிக் மேல்பரப்பு வழிந்துவிட்டது. வீட்டிலேயே பொறுமையாகச் செய்யுங்கள்.

துப்பட்டா, வளையல், விரித்த கூந்தல் எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. கையுறையும் வேண்டாம். முகத்துக்கு மறைப்பும் தூசிக்கு மாஸ்க்கும் கட்டாயம். சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டதும் அது சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும்.

பத்து ரூபாய்ப் பேனா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் தங்கை பள்ளி ஆசிரியை. நான் கடைந்த காபிக் கட்டைப் பேனா ஒன்று ஏழு வருடமாக அவளிடம் இருக்கிறது. தோட்டத்தில் வயதான செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தபோது கேட்டு வாங்கி வந்த கட்டை அது. காபி மரம் பார்க்கச் சின்னதே தவிர, கட்டை கெட்டியானது, இழை மிக நெருக்கம். ஈரத்தோடு கடைந்தால் பிளந்துவிடும் என்று, நுனிகளில் மெழுகு பூசி ஒரு வருடத்துக்கு மேல் பரணில் வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை எடைபோட்டு, எடை குறைவது நின்ற பிறகுதான் லேத்தில் ஏற்றினேன். கடைந்தபின் தேன்மெழுகு மட்டும்தான். அப்போது வெளிர் மஞ்சளாக இருந்தது, இன்றைக்குத் தங்கையின் கைபட்டுத் தேன் நிறமாகியிருக்கிறது. ரீஃபில் மட்டும் மாற்றிக்கொள்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதை வாங்கி ஒருமுறை கையில் உருட்டிப் பார்ப்பேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான்.

கிட் பேனா, அதாவது குழாயும் மற்ற பாகங்களும் கடையில் வாங்கிப் பொருத்துகிற இந்தப் பேனா, கைக்கு வந்ததும் மையூற்றுப் பேனாவுக்குப் போங்கள். நிப்பைத் தவிர அநேகமாக எல்லாமே நீங்கள் செய்வதாக இருக்கும். ராஜமுந்திரியில் சுதேசிக் காலத்தில், 1932இல் தொடங்கிய ரத்னம் பேனாவும், நம் திருவள்ளூரின் ரங்கா பேனாவும் கையால் கடைந்தே பேர் வாங்கியவை. எபோனைட் கடைந்து பாருங்கள். ரப்பரில் நிறைய கந்தகம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த பொருள் அது. கடையும்போது கந்தக வாடை வீடு முழுக்க வரும். வெயிலில் வைத்தால் நிறம் மங்கும், ஆனால் விரலுக்கு அவ்வளவு இதம்.

அங்கே உங்கள் அப்பாதான் குரு. மூடிக்கு 0.8 மில்லிமீட்டர் சாதாரண மரை போட்டால், ஆறு மில்லிமீட்டர் மரையைத் திறக்க ஏழரைச் சுற்று சுற்றவேண்டும். மூன்று ஸ்டார்ட் மரை, அதாவது மூன்று மரைகள் ஒன்றோடொன்று இணையாக ஓடுகிற மரை, போட்டால் ஒரு சுற்றுக்கு 2.4 மில்லிமீட்டர் நகர்ந்து இரண்டரைச் சுற்றில் கழன்றுவிடும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், பிளாஸ்டிக் என்ற பேச்சே அப்புறம் வராது. அவருடைய பழைய ஹை ஸ்பீடு ஸ்டீல் உளிகள் பெட்டியில் இருந்தால் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முனையைச் சாணை பிடித்தால் அக்ரிலிக்குக்கும் எபோனைட்டுக்கும் நன்றாகவே வரும்.

காய்ந்த காபிக் கட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். மரத்துக்கும் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை இழுக்கத்தான் வேண்டும்.