பத்தியச் சாப்பாட்டு டிவிஷன்

கேள்வி: சென்ற இதழின் இரண்டாம் உலகப்போர்க் கட்டுரையில் ஜெர்மனியின் 70வது காலாட்படை டிவிஷனுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். வயிற்றுப்புண்காரர்களைக் கூட்டிச் சேர்த்து, சில மாதங்களிலேயே சரணடைந்த அந்தக் கோமாளிப் படைக்கு வரலாற்றில் என்ன இடம்?

பதில்: கோமாளிப் படை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. தீராத வயிற்று நோய் உள்ள சிப்பாய்களை ஒரே இடத்தில் வைத்தால் பத்தியச் சாப்பாடு கொடுப்பது எளிது என்பதால் அவர்களைத் தனிப் பிரிவுகளாகத் திரட்டினார்கள். 1944 கோடையில் உருவான இந்த டிவிஷன் அத்தகையவர்களால் நிரப்பப்பட்டது. கரடுமுரடான ராணுவ ரொட்டிக்குப் பதிலாக வெள்ளை ரொட்டி வழங்கப்பட்டதால் ‘வெள்ளை ரொட்டி டிவிஷன்’ என்ற பட்டப்பெயரும் வந்தது. பலரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தப் படை நின்ற இடம் நெதர்லாந்தின் வால்கெரன் தீவு. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தை நேச நாடுகள் செப்டம்பர் 4 அன்றே ஏறக்குறையச் சேதமின்றிக் கைப்பற்றிவிட்டன. ஆனாலும் அத்துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரும் வழியான ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தைக் காவல் காத்த பீரங்கிகள் இந்தத் தீவில் இருந்தவரை ஒரு சரக்குக் கப்பலும் உள்ளே வர முடியவில்லை. முதல் கப்பல் தொடர் நவம்பர் 28 அன்றுதான் துறைமுகத்தை அடைந்தது. கரையோரப் பீரங்கிகளை இயக்கியவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் கடற்படையினர் என்பது உண்மை. நவம்பர் 1 அன்று தீவின் வெஸ்ட்கபெல்லே கிராமத்தில் தரையிறங்கிய நேச நாட்டுப் படைக்குத் துணைவந்த 27 பீரங்கிப் படகுகளில் 9 மூழ்கின, 11 செயலிழந்தன. ஆனால் தீவுக்குச் செல்லும் நிலவழியைக் காத்தது உங்கள் ‘கோமாளிகள்’ இருந்த காலாட்படைதான். இருபுறமும் சேறு, நடுவே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நேர்க்கரைப் பாதை, ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அந்தப் பாதையில் மூன்று கனடியப் பட்டாலியன்கள் அக்டோபர் 31 முதல் ஒன்றன்பின் ஒன்றாக முன்னேறி, பெரும் இழப்பைச் சந்தித்தன. பதுங்குகுழியில் உட்கார்ந்து துப்பாக்கியை இயக்குபவனுக்கு வயிற்று வலி இருந்தால் குண்டு பாயாமல் போய்விடுமா?

ஷெல்ட் போர் முழுவதிலும் கனடிய முதல் ராணுவம் கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என 12,873 பேரை இழந்தது. அவர்களில் 6,367 பேர் கனடியர்கள்.

தீவிலிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றத்தான் அந்தத் தீவையே கடலில் மூழ்கடித்தார்கள். அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் வெஸ்ட்கபெல்லே கடலணையை உடைத்தன. அடுத்த நாட்களில் மேலும் மூன்று இடங்களில் உடைப்பு ஏற்படுத்தின. துண்டுப் பிரசுரம் வீசி எச்சரித்தும் போக்கிடமில்லாத அந்தக் கிராமத்தார் 150 பேருக்கு மேல் இறந்தனர். ஒரு காற்றாலைக்கடியில் ஒதுங்கியிருந்தவர்களில் மட்டும் 40 பேருக்கு மேல். பல மாதங்கள் உப்புநீர் அலையோடு ஏறுவதும் இறங்குவதுமாக வயல்களைப் பாழாக்கியது. கடைசி உடைப்பு 1946 பிப்ரவரியில்தான் அடைபட்டது.

நவம்பர் 6 அன்று தீவின் மிடல்பர்க் நகரில் டிவிஷனின் தளபதி வில்ஹெல்ம் டாசர், வெள்ளத்தினூடே நீர்நில ஊர்திகளில் வந்த ராயல் ஸ்காட்ஸ் என்ற பிரிட்டிஷ் ரெஜிமென்டின் சிறு படையிடம் சுமார் 2,000 பேருடன் சரணடைந்தார். தன் பதவிக்குத் தகுந்த உயர் அதிகாரியிடம்தான் சரணடைவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், வந்த மேஜர் தோள்பட்டை நட்சத்திரம் ஒன்றை இரவல் வாங்கிக் குத்திக்கொண்டு, ஒரு படி மேலான லெப்டினன்ட் கர்னலாக நின்றார் என்பதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தாழ்ந்த ஊர்களிலிருந்து வெள்ளத்துக்குத் தப்பி வந்த மக்கள் அந்நகரில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும், பேச்சு முறிந்திருந்தால் பீரங்கி அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.