பழைய பூட்டைக் கழற்றி எறியலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது தாத்தா காலத்து வீடு. முன்கதவு அயனிப் பலகை, உள்பக்கம் பெட்டி மாதிரி ஒரு இரும்புப் பூட்டு, பித்தளைக் குமிழோடு. கொஞ்ச நாளாகச் சாவி பாதி திரும்பி நின்றுவிடுகிறது, பெட்டியில் ஓங்கித் தட்டினால் திறக்கிறது. ஆசாரி புதுசு போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். தட்டினால் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பலகையின் மேலேயே திருகி வைக்கும் இந்தப் பெட்டிக்கு ரிம் லாக் என்று பெயர், மரத்தைக் குடைந்து உள்ளே இறக்கினால் அது மார்ட்டிஸ். சாவிப் பல்லின் நுனி விளிம்பு ஏற்ற இறக்கமாகப் படி படியாக இருக்கிறதா? அப்படியானால் லீவர் பூட்டு. உள்ளே சின்னச் சின்னத் தகடுகள் அடுக்காக இருக்கும், சாவி ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும், கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் நகராது. இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்றைக்கும் அதே வேலைதான். ஒவ்வொரு தகட்டையும் கீழே அழுத்திப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. அது ஒடிந்துவிட்டால் தகடு பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி மேலேயே நின்றுவிடும், நீங்கள் தட்டும்போது விழுகிறது. அனேகமாக அவ்வளவுதான் கோளாறு.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்குரூ தலைக் கீறலில் பெயின்ட் அடைத்திருக்கும், அதைக் குத்தூசியால் சுத்தமாக எடுத்துவிட்டு, கீறலின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற ஸ்குரூ டிரைவராக எடுத்து, முதலில் ஒரு நூல் இறுக்கி அப்புறம் தளர்த்துங்கள், அப்போதுதான் துரு விடும். மூடியை விரலால் அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும், ஸ்பிரிங் தெறித்து ஓடும். ஒவ்வொரு தகட்டை எடுப்பதற்கு முன்னும் போனில் ஒரு படம், எடுத்த வரிசையிலேயே காகிதத்தில் அடுக்கி வையுங்கள். வரிசை மாறினால் உங்கள் சாவியே அந்தப் பூட்டுக்கு அந்நியம். தகட்டை மட்டும் அரம் போட்டுத் தேய்க்க யாரையும் விடாதீர்கள்! ஒடிந்த ஸ்பிரிங்குக்கு, கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் பழைய டைம்பீஸ் ஸ்பிரிங் துண்டு கேட்டு அதே அகலத்தில் வெட்டிச் செருகலாம். சாதாரணக் கம்பி உதவாது, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்து வீடு. பித்தளைப் பூட்டில் பச்சையாகக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்கலாமா, தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம், புளி அதை அரித்துவிடும். ஒட்டாவிட்டால் வெளித்தகட்டை மட்டும் தனியே கழற்றி, புளியால் லேசாகத் தேய்த்து உடனே கழுவி நன்றாகக் காயவிட்டு, தேன்மெழுகு தடவுங்கள். உள் வேலைப்பாட்டுக்குப் புளியே கூடாது. தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துக் குழம்பாகிவிடும். பென்சில் தூள் போடச் சொல்லும் ஆட்களும் உண்டு, உப்புக் காற்று ஈரத்தில் அது இரும்பின் துருவைக் கூட்டத்தான் செய்யும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கேள்வி: "200 வருஷத்து அரண்மனைப் பூட்டு" என்று ஒரு வியாபாரி விலை சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விலை பேசுவதற்கு முன் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்க் கதவுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள், கண் பழகிவிடும். அப்புறம் அவரிடம் இருக்கும் பூட்டின் ஸ்குரூ. தலையில் கூட்டல் குறிக் கீறல் இருந்தால் அந்த ஸ்குரூ 1930-களுக்குப் பிந்தியது. மர ஸ்குரூவின் நுனி கூர்மையாக இருந்தால், அது பெரும்பாலும் 1840-களுக்கு இப்பால் வந்தது, அதற்கு முன்பு நுனி மொட்டையாகத்தான் இருக்கும். ஸ்குரூவை யாராவது மாற்றியும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சாவித் துளையைச் சுற்றிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சாவி உரசிய பூட்டில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கித் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே கறுப்பு, துளை விளிம்பு மட்டும் புத்தம் புதிதாகக் கூர்மை என்றால் அது பழசாக்கிய புதுசு. சாவி இல்லாமல் விற்றால் விலையில் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள், லீவர் பூட்டுக்குப் புதுச் சாவி அராவ அதைப் பிரித்தே ஆக வேண்டியிருக்கும், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான்.