கம்ப்யூட்டர் அண்ணாச்சி பதில்கள்: 16 கோர் இருந்தும் பாக்கெட் ஏன் திணறுது?

கேள்வி: அண்ணாச்சி, வண்ணார்பேட்டைல ஒரு சின்ன இன்டர்நெட் ஆபீஸ்ல சர்வர் பாக்கேன். ஊருக்குள்ள வீடியோ குடுக்குத லினக்ஸ் மெஷின், 16 கோர், 8 க்யூ (பாக்கெட் வெளிய போற வரிசை) உள்ள 10 ஜி நெட்வொர்க் கார்டு. ராத்திரி ஆச்சுன்னா ஸ்பீடு ஏற மாட்டேங்கு, சிபியு எதுல நேரத்தைப் போக்குதுன்னு காட்டுத பெர்ஃப் டாப் போட்டா ஸ்பின்லாக்தான் (ஒரு கோர் வச்சிருக்குத லாக்குக்கு இன்னொரு கோர் காத்துக் கெடக்கது) மேல நிக்கி. எக்ஸ்பிஎஸ் (எந்த சிபியு எந்த க்யூவுல பாக்கெட் அனுப்பணும்னு சொல்லுத லினக்ஸ் செட்டிங்) போடுன்னு ஃப்ரெண்டு சொல்லுதான். போடலாமா? பாக்கெட் முன்னபின்ன மாறிப் போயிராதா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போடலாம் தம்பி, ஆனா முதல்ல டிசி கமாண்ட்ல க்யூடிஸ்க், அதாவது பாக்கெட்டை வரிசைப்படுத்துத முறை, என்ன இருக்குன்னு பாருங்க. கஸ்டமருக்கு ஸ்பீடு பிரிக்கதுக்காக ரூட்ல (எல்லா க்யூவுக்கும் மேல) ஹெச்டிபிங்கிற க்யூடிஸ்க் போட்டிருந்தீங்கன்னா எக்ஸ்பிஎஸ்ஸால ஒண்ணும் நடக்காது. அம்பாசமுத்திரத்துல நெல் கொள்முதலுக்கு எட்டு தராசு வச்சுட்டு டோக்கன் குடுக்க ஒத்த ஆளை உக்கார வச்ச கதைதான் அது, 16 கோரும் அந்த ஒரே லாக்குக்கு அடிச்சுக்கிட்டு நிக்கும். ஸ்பீடு பிரிக்கத வேற ரூட்டருக்குத் தள்ளிட்டு இங்கன எம்க்யூங்கிற க்யூடிஸ்க் வைங்க, க்யூவுக்கு ஒரு லாக்குன்னு ஆயிரும்.

இப்ப எக்ஸ்பிஎஸ்ஸுக்கு வருவோம். 2011ல வந்த 2.6.38 கெர்னல்ல இருந்தே இருக்கு, கூகுள்ல இருந்த டாம் ஹெர்பர்ட் எழுதுனது. இது இல்லாட்டி கெர்னல் கனெக்ஷனை ஹாஷ் பண்ணி (அட்ரஸ், போர்ட்ல இருந்து ஒரு நம்பர் கணக்குப் போட்டு) க்யூவைப் பிடிக்கும், எந்த சிபியு அனுப்புதுன்னு பாக்காது, அதனால ரெண்டு மூணு சிபியு ஒரே க்யூ லாக்குல போய் முட்டும், அது போதாதுன்னு பாக்கெட் போயிட்டுன்னு கார்டு சொல்லுத இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடுத சிக்னல்) வேற எங்கயோ ஒரு சிபியுல வந்து விழும், மெமரிய ஃப்ரீ பண்ணுத வேலை அங்கன நடக்கும், கேஷ் லைன் (சிபியு பக்கத்துலயே வச்சிருக்குத மெமரித் துண்டு) இங்கிட்டும் அங்கிட்டும் அலையும். எக்ஸ்பிஎஸ் இந்த சிபியுவுக்கு இந்த க்யூதான்னு கட்டிப் போட்டுரும்.

உங்களுக்கு க்யூவுக்கு ரெண்டு கோர். சிஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு டிஎக்ஸ் (அனுப்புத) க்யூவுக்குள்ளயும் எக்ஸ்பிஎஸ் சிபியுஸ்னு ஒரு ஃபைல் கெடக்கும், ஒரு கோருக்கு ஒரு பிட்னு வச்சு ஹெக்ஸ்ல (16 அடி எண்) எழுதணும்: முதல் க்யூவுக்கு 3, அடுத்ததுக்கு சி, அதுக்கு அடுத்து 30, இப்படியே போவும். எழுதுததுக்கு முன்ன என்ன இருக்குன்னு படிச்சுப் பாத்துக்கிடுங்க, சில டிரைவர் தானே போட்டு வச்சிருக்கும். ஜோடி சேக்கும்போது ஒரே கேஷைப் பகிருத கோரா பாத்துச் சேருங்க. அந்த க்யூவோட இன்டரப்டும் அந்த ஜோடிக்குள்ளயே வரணும், இதைத்தான் பலபேரு விட்டுருதாங்க, இன்டரப்டை சிபியுகளுக்குப் பிரிச்சு விடுத ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுச்சுன்னா நீங்க வச்சத அது மாத்திரும்.

வரிசை பயம் வேண்டாம். நடந்துக்கிட்டிருக்குத டிசிபி கனெக்ஷன் எந்த க்யூவுல போவுதுன்னு கெர்னல் சாக்கெட்லயே (அந்த கனெக்ஷனோட கணக்குல) குறிச்சு வச்சிருக்கும், புரோக்ராம் வேற கோருக்குத் தாவுனாலும் அனுப்புனது எல்லாத்துக்கும் அக் (கிடைச்சுட்டுங்கிற பதில்) வந்த பொறவுதான் க்யூவை மாத்தும்.

இதே செட்டிங்கை உங்க ரூட்டர் பாக்ஸ்லயும் போடணுமான்னு அடுத்து கேப்பீங்க. அங்கன பெருசா லாபம் இருக்காது, ஃபார்வர்ட் ஆவுத பாக்கெட்டுக்கு அது வந்த க்யூ நம்பரை வச்சே போற க்யூவை கெர்னல் எடுத்துக்கிடும்.

ரீபூட் ஆனா எல்லாம் போயிரும், அதனால பூட் ஆவும்போது ஓடுத மாதிரி ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டு வைங்க.