வலிப்புக்கான கீட்டோ உணவும் குழந்தையின் உயரமும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

உடம்பு இளைக்கப் பெரியவர்கள் இருக்கும் 'கீட்டோ' வேறு, இங்கே பேசப்போவது வேறு. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு நரம்பியல் மருத்துவரும் டயட்டீஷியனும் சேர்ந்து கிராம் கணக்கில் எழுதித் தரும், கொழுப்பு மிக அதிகமும் மாவுச்சத்து மிகக் குறைவுமான உணவு இது. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் முன்வைத்த முறை. நூறு வருடமாகியும் கைவிடப்படவில்லை. கேள்விகள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளை குட்டையாகவே நின்றுவிடுமா?

என் மகளுக்கு 6 வயது. இரண்டு வருடம் 4:1 உணவில் (4 பங்கு கொழுப்புக்கு மற்றவை 1 பங்கு) இருந்தாள். வலிப்பு நின்றது; உணவை முடித்து மூன்று மாதம் ஆகிறது. எடை மளமளவென்று ஏறுகிறது, உயரம் அசையவே இல்லை. எப்போது வளர்வாள்?

எடை முந்தும், உயரம் பின்னால் வரும். அதுதான் வழக்கமான வரிசை. மாவுச்சத்து மறுபடி உள்ளே போனதும் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனைச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். ஆகவே முதல் சில வாரங்களில் ஏறும் எடையில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்தான். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். எலும்பு நீள்வதற்கு இன்சுலினும் ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியும் சில மாதங்களாவது தொடர்ந்து நல்ல அளவில் இருக்க வேண்டும்.

மூன்று மாத அளவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இந்த வயதில் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது இயல்பு. அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை செ.மீ. அளக்கும்போது தலை கொஞ்சம் சாய்ந்தாலே பாதி காணாமல் போய்விடும். குறைந்தது ஆறு மாத இடைவெளி விட்டு அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். 7, 8 என்று வந்தால் விட்டதைப் பிடிக்கிறாள். 5, 6 என்றால் இயல்பாக வளர்கிறாள், விட்டதை இன்னும் பிடிக்கவில்லை. வருடத்துக்கு 4-க்குக் கீழே என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

முழுக்கப் பிடித்துவிடுவாளா? அப்படி உறுதி சொல்வது நேர்மையாகாது. உணவை முடித்துச் சராசரியாக ஆறு வருடம் கடந்த 101 பேரை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக் குழு பரிசோதித்து 2010-இல் வெளியிட்டது. அவர்களில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களின் சராசரி உயரம், இசட் மதிப்பில் -1.28. அதாவது ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால் குட்டைப் பக்கமிருந்து பத்தாவது இடம். இயல்பு எல்லைக்குள்தான், ஆனால் கீழ் ஓரத்தில். இந்தக் குறைவு முழுவதையும் உணவின் தலையில் கட்ட முடியாது. கடுமையான வலிப்பு, வருடக்கணக்கில் மருந்து, நடமாட்டக் குறைவு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

பையனுக்கு 4 வயது, 15 கிலோ. 4:1-இல் ஒரு வருடம். கீட்டோன் பட்டை (கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோனைச் சிறுநீரில் காட்டுவது) எப்போதும் அடர் ஊதாதான். எல்லாம் சரியாகச் செய்தும் வளர்ச்சிக் கோடு கீழே இறங்குகிறதே, ஏன்?

பட்டை ஊதாவாக இருப்பது கீட்டோன் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். புரதம் போதுமான அளவு உள்ளே போனதா என்று அது சொல்லாது. பல வீடுகளில் சிக்கல் இங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். 4:1 என்றால் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து 1 கிராம். இது ஓர் அலகு, 40 கலோரி. உங்கள் பையனுக்கு நாளுக்கு 1,000 கலோரி என்று வைத்தால் 25 அலகு: 100 கிராம் கொழுப்பு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 25 கிராம். கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் புரதம் 15 கிராம் போக, மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 10 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 5 கிராம் புரதம். ஒரு சின்ன முட்டைக்குக்கூட எட்டாத அளவு.

இப்போது தட்டைப் பாருங்கள். நெய்யில் பொரித்த முட்டை, ஓரத்தில் வெண்ணெய், இரண்டு துண்டு வெள்ளரி. பையன் வெண்ணெயை நக்கிவிட்டு முட்டையைப் பாதியில் தள்ளுகிறான். அந்த வேளைப் புரதத்தில் பாதி போயிற்று. கொழுப்பு மட்டும் உள்ளே போனதால் கீட்டோன் குறையாது, பட்டையும் அழகாக ஊதாவில் நிற்கும். இப்படி நாளுக்கு ஒரு வேளை வீதம் ஒரு வருடம் நடந்தால் கோடு இறங்காமல் என்ன செய்யும்? எனவே ஒரு வாரம் மட்டும், தட்டில் மிஞ்சுவதையும் கிராம் தராசில் நிறுத்து எழுதுங்கள். அந்தத் தாளை டயட்டீஷியனிடம் கொடுங்கள். எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அது அதிகம் பேசும். உடனே செய்யக்கூடியது ஒன்று: பசி தீராமல் இருக்கும்போதே முட்டை, பனீர், மீன், கோழியைக் கொடுத்துவிட்டு, நெய்யைக் கடைசியில் கொடுங்கள். தட்டு முழுவதும் காலியாக வேண்டும் என்பது மட்டும் மாறாது.

சாப்பாடெல்லாம் சரியாகப் போயும் வளரவில்லை என்றால் விகிதத்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே 1,000 கலோரியை 3:1-இல் போட்டால் கொழுப்பு 97 கிராம், மற்ற இரண்டும் சேர்ந்து 32 கிராம். மாவுச்சத்தை 10-லேயே நிறுத்தினால் புரதம் 22 கிராமாகிறது. ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதல். வலிப்பு கட்டுப்பாட்டில் இருந்தால் செய்து பார்க்கத் தகுந்த மாற்றம். நீங்களாகச் செய்யக் கூடாது.

அடுத்த காரணம் ரத்தத்தில் அமிலம். கீட்டோனே அமிலம்தான். அதோடு டோபிராமேட் அல்லது ஜோனிசமைடு என்னும் வலிப்பு மாத்திரையும் சேர்ந்தால், ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இன்னும் இறங்கும். நாட்பட்ட அமிலத்தன்மை வளர்ச்சி ஹார்மோனின் வேலையைக் கெடுக்கும், எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுக்கும், சிறுநீரகத்தில் கல் கட்டும். பைகார்பனேட் தொடர்ந்து 20-க்குக் கீழே நின்றால் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கல் வராமல் தடுக்கப் பல மையங்கள் பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடக்கத்திலிருந்தே தருகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்படித் தந்தபோது கல் வந்தவர்கள் 6.7 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாகக் குறைந்தார்கள்.

வயதும் கணக்கில் உண்டு. அதே குழு 237 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2002-இல் எழுதியதில், பெரிய பிள்ளைகள் ஏறக்குறைய இயல்பாக வளர்ந்தார்கள். அதிகம் பின்தங்கியது மிகச் சிறிய குழந்தைகள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளப்பது போதாது, மாதாமாதம் பாருங்கள்.

எம்.சி.டி. எண்ணெய் (வேகமாகக் கீட்டோனாக மாறும் நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) விலை கட்டுப்படியாகவில்லை. தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார்களே?

போதாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்; வேகமாகக் கீட்டோனாக மாறும் சி-8, சி-10 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்தே சுமார் 15 சதவீதம்தான். எம்.சி.டி. எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் அவைதான். எம்.சி.டி. முறையின் ஆதாயமே கொஞ்சம் கூடுதல் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் இடம் கிடைப்பது. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை அப்படியே வைத்தால் கீட்டோன் விழும். 4:1, 3:1 என்று கணக்கிடும் கிளாசிக் முறையில் கொழுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதில் தவறே இல்லை.

சுவரில் பென்சில் கோடு போட்டு அளக்கிறேன். மருத்துவமனையில் சொல்லும் உயரம் ஒரு செ.மீ. குறைவாக இருக்கிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே கொஞ்சம் தவறாக இருக்கும். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலையில் சிறிது குறைந்திருக்கும். ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில் அளங்கள். அடிப்பகுதியில் டைல்ஸ் பட்டி துருத்திக்கொண்டிருக்கும் சுவர் வேண்டாம், குதிகால் சுவரைத் தொடாது. பின்னல், கொண்டை எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பிட்டம், தோள் சுவரில் பட, கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். தலைமேல் ஸ்கேலைப் படுக்க வைத்தால் சாயும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்க, அடுத்த பக்கத்தைத் தலைமேல் இறக்குங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு வயதில் படுக்க வைத்து அளப்பதிலிருந்து நிற்க வைத்து அளப்பதற்கு மாறும்போது 0.7 செ.மீ. குறைந்து தெரியும். குழந்தை சுருங்கவில்லை, முறைதான் மாறியது. ஐந்து வயதில் உலக சுகாதார நிறுவன அட்டவணையிலிருந்து இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 அட்டவணைக்கு மாறும்போதும் கோட்டில் ஒரு குதிப்பு தெரியும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

என் பிள்ளைக்கு மூளை முடக்குவாதமும் இருக்கிறது, கால் நீட்டி நிற்க முடியாது. எப்படி அளப்பது?

முழங்கால் உயரத்தை வைத்து. முழங்காலையும் கணுக்காலையும் 90 பாகையில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். அந்த செ.மீ.-ஐ 2.69 ஆல் பெருக்கி 24.2 கூட்டுங்கள். 30 செ.மீ. என்றால் 104.9. இது 12 வயது வரைக்கான சூத்திரம். உத்தேசம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே காலை அளந்தால் வளர்கிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். நடக்காத குழந்தையின் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும், ஆகவே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். தூக்கும்போதோ டயப்பர் மாற்றும்போதோ கால் ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் அழுதால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கலாமா? சிரப் கொடுக்கலாமா?

உணவுமுறை நடக்கும்வரை இரண்டும் வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 364 மி.கி. கால்சியம் இருப்பது உண்மை. கூடவே 67 கிராம் மாவுச்சத்தும் வருகிறது. பிள்ளையின் ஒரு வாரக் கோட்டா சில டம்ளர்களில் தீர்ந்துவிடும். சிரப்புகளில் சர்க்கரையோ சார்பிட்டாலோ இருக்கும். கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம், மெல்லும் வகை வேண்டாம். வைட்டமின் டி-யிலும் பாக்கெட் தூளில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், காப்ஸ்யூலைக் கேட்டு வாங்குங்கள். நாளுக்குத் தேவை 4–6 வயதில் 550 மி.கி., 7–9 வயதில் 650 மி.கி. கால்சியம், வைட்டமின் டி 600 யூனிட். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப்புக்கும் இதே விதி. சிரப்பின் உபயத்தில் கீட்டோன் விழுந்து வலிப்பு வந்தால், பழி காய்ச்சல் மேல் விழும்.

உணவை முடித்த பிறகு கேழ்வரகு, பால், தயிர், நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாக.

பிள்ளை வளரவில்லை என்று பயந்து உணவை உடனே நிறுத்திவிட நினைக்கிறோம்.

வேண்டாம். திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு கொத்தாக வரலாம். ஓர் இட்லியில், அளவைப் பொறுத்து, 8 முதல் 12 கிராம் மாவுச்சத்து. 4:1-இல் இருக்கும் பிள்ளைக்கு அது முழு நாள் ஒதுக்கீடு. 'ஒரு இட்லிதானே' என்று பாட்டி ஊட்டுவது நமக்குத்தான் சின்ன விஷயம்.

அவசரம் இல்லாதபோது 2, 3 மாதம் எடுத்துக்கொண்டு 4:1, 3:1, 2:1 என்று இறக்குவார்கள். கீட்டோன் மறைந்ததும் வழக்கமான சாப்பாடு. அந்த நேரத்தில் மாத்திரையையும் சேர்த்துக் குறைக்க வேண்டாம். வலிப்பு திரும்பினால் எதனால் என்றே தெரியாமல் போகும். இப்படிப் படிப்படியாக இறக்கும்போது நடுவே வலிப்பு வந்தால், வராமல் இருந்த முந்தைய விகிதத்துக்குத் திரும்புவது வழக்கம். முழுக்க வலிப்பு நின்றிருந்த பிள்ளைகளிலும் ஐந்தில் ஒருவருக்கு உணவை நிறுத்திய பின் திரும்ப வந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் சரியில்லாதவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

இந்த உணவு பொதுவாக இரண்டு வருடம் என்பது பேச்சு. ஆனால் குளூட்-1 குறைபாடு (ரத்தத்தின் குளுக்கோஸ் மூளைக்குள் சரியாகப் போகாத பிறவிக் கோளாறு) இருந்தால் இந்த உணவே அடிப்படைச் சிகிச்சை. உயரத்துக்காக நிறுத்துவது பற்றிப் பேச்சே இல்லை. அவர்களுக்கு விகிதத்தைத் தளர்த்துவதும், வளர்ந்த பிறகு, மாவுச்சத்தை மட்டும் கட்டுப்படுத்தும் திருத்திய அட்கின்ஸ் முறைக்கு மாறுவதும்தான் வழி. அதில் புரதத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

8 வயதுப் பையன் இன்னும் 3:1-இல் இருக்கிறான். ஐ.ஜி.எஃப்-1 குறைவாக வந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

இந்தப் பரிசோதனையை வைத்து வேண்டாம். கீட்டோ உணவில் இன்சுலின் குறைவதால் ஐ.ஜி.எஃப்-1 தானாகவே இறங்கும். அதை ஹார்மோன் குறைபாடு என்று படிப்பது தவறு. தைராய்டு, ஹீமோகுளோபின், பைகார்பனேட், வைட்டமின் டி, இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஆகியவற்றை முதலில் பாருங்கள். எலும்பு வயது பின்தங்கியிருந்தால் வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

ஒரு பொறி: சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை. பல மாதம் கோதுமையே தொடாத பிள்ளைக்கு அது 'இல்லை' என்று வந்தால் நம்ப முடியாது. உணவை முடித்துச் சில வாரம் சப்பாத்தி சாப்பிட்ட பிறகு எடுங்கள்.

பெற்றோர் உயரத்தையும் பாருங்கள். அப்பா 168, அம்மா 153 என்றால் இரண்டையும் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, பாதியாக்கினால் 167. பெண்ணுக்கு 13 கழித்தால் 154. அந்தப் பாதையில் போகும் பிள்ளைக்கு ஊசி எதற்கு? உணவை முடித்து ஒரு வருடமாகியும் வளர்ச்சி வேகம் 4 செ.மீ.-ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். போகும்போது வலிப்பு தொடங்குவதற்கு முந்தைய தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். அதில் குறித்த எடையும் உயரமும்தான் பிள்ளை முதலில் எந்தக் கோட்டில் இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி.